நாத்திகர் எழுதும் பாட்டில் கடவுளுக்கு என்ன வேலை?

கடவுள் நம்பிக்கை இல்லாத ஒரு பாடலாசிரியரின் பாட்டுகளை எடுத்துப் பாருங்கள். பத்தில் மூன்றிலாவது ஒரு இறைவனோ சாமியோ தெய்வமோ வந்து நிற்கும். இதற்கு இரண்டு பதில்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. காசு கொடுத்தார்கள், எழுதினார் என்பது ஒன்று. உள்ளுக்குள்ளே பக்தி ஒளிந்திருக்கிறது, அதுதான் வெளியே வருகிறது என்பது இன்னொன்று. பாட்டு எழுதும் வேலையை அருகில் இருந்து பார்த்தவர்களுக்கு இரண்டுமே பொருந்தாது என்று தெரியும். பாட்டில் வரும் கடவுள் ஒரு கொள்கை அறிக்கை இல்லை. அது ஒரு விளி, கூப்பிடும் சொல். கேட்க ஆளே இல்லாத இடத்தில் கேள்வியை யாரிடம் வைப்பது என்ற சிக்கலுக்கு மொழி வைத்திருக்கும் ஒரு விடை.

முதலில் பாட்டு எழுதுகிறவர்கள் சொல்லும் சந்தக் காரணத்தை, அதாவது மெட்டின் அளவுக்குப் பொருந்துவதால்தான் இந்தச் சொற்கள் வருகின்றன என்பதை, எடுத்துக்கொள்வோம். அது பாதி உண்மை. மெட்டுக்கு எழுதும்போது இசையமைப்பாளர் கொடுப்பது தத்தகாரம்: தனனா, தானா, தானனா என்று. அந்த அச்சில் சொல் உட்கார வேண்டும். கடவுளைக் குறிக்கும் சொற்கள் தமிழில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் கிடைக்கின்றன. யாப்பில் இணைந்து ஒலிக்கும் இரண்டு எழுத்து நிரை, தனி எழுத்து நேர்; ஒற்று கணக்கில் வராது. கடவுள், இறைவன் இரண்டும் நிரை நேர், அதாவது புளிமா. தெய்வம், சாமி இரண்டும் நேர் நேர், தேமா. ஆண்டவன் நேர் நிரை, கூவிளம். விளித்தால் சிலவற்றின் அளவு மாறும். கடவுளே நிரை நிரை, கருவிளம் ஆகிவிடும். தெய்வமே, ஆண்டவா இரண்டும் கூவிளம், ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்கலாம். இறைவா விளித்த பிறகும் புளிமாவாகவே நிற்கும். ஆகாரத்தில் முடிவதால் பாடகர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இழுக்கலாம். இழுக்க வேண்டிய இடத்தில் கடவுள் என்று முடித்தால் ளகர ஒற்று தொண்டையை மூடிவிடும். கார்வை, அதாவது நீட்டி நிறுத்தும் ஒலி, விழும் வரி முடிவுக்கு இறைவா, வேகமாக ஓடும் வரித் தொடக்கத்துக்குக் கடவுள் என்று எழுதுகிறவர்களின் கை தானாகவே பிரித்து வைத்துக்கொள்வது இதனால்தான்.

எதுகையும் சேர்ந்துகொள்கிறது. இறை என்று தொடங்கினால் குறை, முறை, சிறை, கறை, மறை, நிறை என்று வரிசையாக வரும். இவற்றில் பாதி முறையீட்டுச் சொற்கள், பாட்டுக்கு வேண்டிய சண்டை எதுகையிலேயே கிடைத்துவிடுகிறது. ஆண்டவனுக்கு வேண்டி, தாண்டி, மீண்டும், தூண்டில், கூண்டு. கடவுளுக்குக் கடல், உடல், இடம், தடம். தெய்வம்தான் இந்த வகையில் ஏழை. மெய், பொய், செய் என்று யகர ஒற்றைப் பிடித்து இரண்டு வரி ஓட்டலாம், மூன்றாவது வரியில் திணறும்.

ஆனால் இயற்கை என்ற சொல்லும் புளிமாதான். உலகம் என்பதும் புளிமா. காலம் தேமா. இறைவனும் சாமியும் உட்காரும் அதே அச்சில் இவையும் அழகாக உட்காரும். சந்தம் மட்டும்தான் காரணம் என்றால் நாத்திகர் இவற்றை வைத்து ஒப்பேற்றியிருக்கலாமே. ஏன் முடிவதில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு பல்லவியை எடுத்து வைத்தே பார்க்கலாம். குடிசைகளுக்குத் தீ வைக்கப்பட்ட ஊர். மறுநாள் இரவு ஒரு கிழவி சாம்பல் நடுவே உட்கார்ந்திருக்கிறாள். மெட்டு எட்டு அட்சரம் கொண்ட ஆதி தாளம், ஒரு வரிக்கு ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று), அட்சரத்துக்கு இரண்டு எண்ணிக்கை, மொத்தம் 16. தனனா தனனா தானானா. தனனாவுக்கு 4 எண்ணிக்கை, இன்னொரு தனனாவுக்கு 4, தானானாவுக்கு 6, மிச்சம் 2 மூச்சு எடுக்க. கை முதலில் எழுதுவது இப்படி இருக்கும்:

இறைவா இறைவா ஏன் தூக்கம்

அளவு சரி. இதையே கடவுள் இல்லாமல் மாற்றினால் என்ன ஆகிறது?

உலகே உலகே ஏன் தூக்கம்

இதுவும் அளவு சரி. ஆனால் கிழவி காணாமல் போய்விட்டாள். மேடையில் ஒருவர் சொற்பொழிவு செய்துகொண்டிருக்கிறார். இயற்கை இயற்கை என்று போட்டால் பள்ளிக்கூடக் கட்டுரை. காரணம், உலகத்துக்கு முகம் கிடையாது. இயற்கையிடம் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது, அது வாக்குக் கொடுத்ததும் இல்லை, மறந்ததும் இல்லை. கடவுள் என்ற சொல்லுக்குள் வாக்குக் கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார். காப்பேன் என்று சொல்லிவிட்டுக் காக்காமல் போனவர் அவர். ஒரே சொல்லில் நீதிபதி, சாட்சி, எதிர்வாதி மூவரும் வந்துவிடுகிறார்கள். பல்லவி நாலு வரி, சரணம் இரண்டு என்று அளந்து கொடுக்கப்படும் இடத்தில் இவ்வளவு வேலையைச் செய்யக்கூடிய வேறு சொல் தமிழில் இல்லை. எழுதுகிறவர் நம்புகிறாரா என்பது இங்கே கேள்வியே இல்லை. கிழவி நம்பினாள்.

இனி ஆபத்தைப் பார்ப்போம். இறைவா இறைவா ஏன் தூக்கம் என்று எழுதியவர் கடவுளைத் திட்டிவிட்டதாக நினைத்துக்கொள்வார். தமிழ்க் காது அப்படிக் கேட்காது. தூங்கும் தெய்வத்தை எழுப்புவது திருப்பள்ளியெழுச்சி. திட்டினால் அது நிந்தாஸ்துதி, ஏச்சு வடிவில் வரும் துதி. கண் பார்வை இழந்த சுந்தரர் திருவாரூரில் நின்று, எங்களை இப்படி விட்டுவிட்டு நீரே நன்றாக இருந்துகொள்ளும் என்ற பொருளில் ‘வாழ்ந்து போதீரே’ என்று சிவனைக் கேட்டார். அந்தப் பதிகம் ஏழாம் திருமுறையில் இருக்கிறது, ஓதுவார்கள் இன்றும் பாடுகிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேலாக ஏச்சையும் பூசையாகவே வாங்கிவைத்துக்கொண்ட மரபு இது. இதற்குள் நின்றுகொண்டு நாத்திகர் எவ்வளவு கடுமையாகக் கத்தினாலும் அது பக்தியின் இன்னொரு ராகமாகத்தான் கேட்கும். பகுத்தறிவுப் பாட்டு என்று எழுதியது அடுத்த மார்கழியில் ஒலிபெருக்கியில் வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இதைத் தடுக்க இலக்கணத்தில் ஒரு திருகாணி இருக்கிறது: முன்னிலையைப் படர்க்கை ஆக்குவது. இறைவா என்று கூப்பிட்ட நொடியில் எதிரில் ஒருவர் இருப்பதை ஒப்புக்கொண்டாகிவிட்டது. கடவுள் என்று மூன்றாம் ஆளாகச் சொன்னால் பேச்சு மனிதர்களுக்கு நடுவில் நடக்கிறது, அவரைப் பற்றி நடக்கிறது.

சாகிர் லூதியான்வி இதைச் செய்து காட்டியவர். 1921இல் லூதியானாவில் பிறந்து, முற்போக்கு எழுத்தாளர் இயக்கத்தில் வளர்ந்து, நாத்திகராகவே அறியப்பட்ட இந்தி, உருதுப் பாடலாசிரியர். 1958இல் வந்த ஃபிர் சுபஹ் ஹோகி படத்துக்கு கய்யாம் இசையில் அவர் எழுதி முகேஷ் பாடிய பாட்டு, வானத்தில் கடவுள் இருக்கிறார், தரையில் நாம் இருக்கிறோம் என்று சாதுவாகத் தொடங்கும். அடுத்த அடியில், இப்போதெல்லாம் அவர் இந்தப் பக்கம் பார்ப்பது குறைவு என்று சொல்லும். அவர் யாரையும் கண்டிப்பதில்லை, என்ன செய்தாலும் தடுப்பதில்லை என்று மேலே போகும். எங்கும் விளி கிடையாது. கடவுள் இல்லை என்றும் சொல்லவில்லை. தடுக்க ஆள் இல்லாததால் யார் யார் என்னவெல்லாம் செய்கிறார்கள் என்பதற்கு வாசல் திறந்துவிடுகிறார், அவ்வளவுதான். திருப்பம் முதல் இரண்டு அடிக்குள்ளேயே வந்துவிடுவதைக் கவனியுங்கள். மக்கள் வாயில் தங்குவது பல்லவி மட்டும்தான். பல்லவியில் வணங்கிவிட்டு இரண்டாம் சரணத்தில் கேள்வி கேட்கிறேன் என்று திட்டம் போட்டால் ஊர் முழுக்க வணக்கத்தைத்தான் பாடும்.

மலையாளப் பாடலாசிரியர் வயலார் ராமவர்மா இன்னும் ஒரு படி போனார். 1972இல் வந்த அச்சனும் பாப்பயும் என்ற மலையாளப் படம், ஜி. தேவராஜன் இசை, யேசுதாஸ் குரல். அந்த ஆண்டு சிறந்த பாடலாசிரியருக்கான தேசிய விருது வயலாருக்குக் கிடைத்தது. மனிதன் மதங்களைப் படைத்தான், மதங்கள் தெய்வங்களைப் படைத்தன என்பது தொடக்கம். இந்த இரண்டு அடிகளில் தெய்வம் செயப்படுபொருள். வினை முழுவதும் மனிதனிடமும் மதத்திடமும் இருக்கிறது. மூன்றாவது அடியில் மனிதனும் மதங்களும் தெய்வங்களும் கூட்டாகச் சேர்ந்து மண்ணைப் பங்கு போட்டார்கள், மனத்தைப் பங்கு போட்டார்கள். செய்யப்பட்ட பொருளாக இருந்த தெய்வம் இப்போது எழுவாயில் ஏறி உட்கார்ந்து, நில அளவைச் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கடவுள் இல்லை என்று சொல்லும் நூறு பாட்டுகளை விட இந்த ஒரு வேற்றுமை உருபின் இடமாற்றம் பலமானது என்பேன். ஐ உருபு ஏற்றிருந்த சொல் உம் ஏற்று முன்னால் வருகிறது. பாட்டு எழுதப் பழகுகிறவர்கள் இந்த மூன்று அடிகளையும் நாளெல்லாம் வைத்துப் பார்க்கலாம்.

அதே வயலார்தான் 1969இல் அடிமகள் படத்துக்கு, குருவாயூரப்பனைக் கணி காண (கண் விழித்ததும் முதல் மங்கலக் காட்சியாகக் காண) வேண்டும் என்று உருகும் பாட்டை எழுதினார். தேவராஜன் இசையில் பி. சுசீலா பாடியது. கோயில் வாசலில் அதைக் கேட்கிறவர்கள் எழுதியவர் பொதுவுடைமை இயக்கத்தோடு நின்றவர் என்று யோசிப்பதே இல்லை. அந்தப் பாட்டை வேஷம் என்று சொல்ல முடியாமல் தடுப்பது அதில் இருக்கும் பொருள்கள். தெச்சி, மந்தாரம், துளசி, பிச்சிப் பூ மாலைகள். மயில் பீலி. மஞ்சள் துகில். புல்லாங்குழல். அண்டம், மோட்சம், வினை, பிறப்பறுத்தல் என்று ஒரு தத்துவச் சொல் கூட முன்னால் வருவதில்லை. பக்தை கண் திறந்தால் எது தெரியுமோ அதை மட்டும் வரிசையாக அடுக்கியிருக்கிறார். நம்பாதவர் பக்திப் பாட்டு எழுத வேண்டி வந்தால் இதை விட நேர்மையான வழி இல்லை. கடவுளின் குணங்களை எழுதப் போனால் தன்னிடம் இல்லாத சரக்கை விற்க வேண்டியிருக்கும். பூவையும் துணியையும் விளக்கையும் எழுதினால் எல்லாம் கண்ணால் பார்த்தவை, ஒன்றும் பொய் இல்லை.

காட்சி பிரார்த்தனையையே கேட்டால்? அதற்கும் சாகிரிடமே பாடம் இருக்கிறது. 1961இல் வந்த ஹம் தோனோ படத்தில் ஜெய்தேவ் இசையில் லதா மங்கேஷ்கர் பாடும் பஜனை அது. அல்லாவும் உன் பெயர், ஈசுவரனும் உன் பெயர் என்று தொடங்கி, எல்லோருக்கும் நல்ல புத்தி கொடு என்று கேட்கும். போர்முனைக்கு ஆண்களை அனுப்பிவிட்டு நிற்கும் பெண்களின் பிரார்த்தனை. வெற்றி கொடு என்று கேட்கவில்லை. எதிரியை அழி என்று கேட்கவில்லை. பலவீனருக்குப் பலம் கொடுப்பவனே, பலம் படைத்தவர்களுக்கு அறிவைக் கொடு என்று கேட்கிறார். இதில் கேட்கப்படுகிற ஒவ்வொன்றும் மனிதர்கள் மனம் வைத்தால் கொடுக்கக்கூடியவை. பிரார்த்தனைப் பாட்டை எழுதி முடித்ததும் விளிச் சொல்லை மட்டும் அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். மிச்சம் நிற்பது மனிதர்களைப் பார்த்து வைக்கப்பட்ட கோரிக்கையாக இருந்தால் அதை எழுதியவர் தன் கொள்கையை விற்கவில்லை. மழை பெய்யட்டும், நோய் பறக்கட்டும், எதிரி ஒழியட்டும் என்று மட்டும் மிஞ்சினால் அது வாடகைக்கு எடுத்த வரி.

காதல் பாட்டுக் கதை வேறு. கோயில், தீபம், வரம், தவம், தரிசனம் என்று நாத்திகர் காதலியைப் பற்றி எழுதும்போது பக்தியிடம் கடன் வாங்குகிறார் என்று சொல்வார்கள். கணக்கைப் பின்னால் புரட்டினால் கடன் எதிர்த் திசையில் இருக்கிறது. தலைவன், தலைவி, தோழி, பிரிவு, இரங்கல், மடல் எல்லாம் சங்க இலக்கியக் காதல் மரபான அகத்திணையின் சொத்து. நம்மாழ்வார் பராங்குச நாயகியாக மாறிப் பெண் குரலில் ஏங்கியதும், மாணிக்கவாசகர் திருக்கோவையாரின் 400 பாட்டுகளையும் களவு, கற்பு என்று அகத்துறைகளில் நடத்தியதும் அந்த வீட்டிலிருந்து எடுத்துப் போனவைதான். பாட்டில் நாத்திகர் அதைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவருகிறார், போன இடத்தின் சாம்பிராணி வாசனையோடு. இதில் கூச்சப்பட எதுவுமில்லை. ஆனால் தேவதை என்ற சொல்லை மட்டும் இனி தொடாமல் இருப்பது நல்லது. ஊர் எல்லையில் பலி கேட்டு நிற்கும் சிறு தெய்வத்துக்கு இருந்த பெயர், இப்போது எந்த முகமும் இல்லாமல் தேய்ந்து, நாலு எண்ணிக்கையை நிரப்ப மட்டும் பயன்படுகிறது.

சந்தம் பழகுவதற்கும் இதே கதைதான். அருணகிரிநாதரின் திருப்புகழை விட நல்ல சந்தப் பாடப்புத்தகம் தமிழில் கிடையாது. முருகனை ஏற்காதவரும் அதில்தான் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். பின்னாளில் தன்னை நாத்திகர் என்றே அறிவித்துக்கொண்ட பாரதிதாசனின் தொடக்க கால நூல் மயிலம் சுப்பிரமணியர் மீது பாடிய துதியமுது. கொள்கை மாறிய பிறகும் அந்தக் காது மாறவில்லை, மாற வேண்டிய அவசியமும் இல்லை.

எந்தச் சொல் யார் வாயில் வரும் என்பதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். கடவுள் என்பது பெரும்பாலும் படித்தவர் சொல், எழுத்துச் சொல். கிராமத்துக் கிழவி சாமி என்பாள், அல்லது பெயர் சொல்லி அய்யனாரே, மாரியாத்தா, கருப்பா என்பாள். தூத்துக்குடிக் கடற்கரையில் கணவன் கரை திரும்பாத பெண்ணின் வாயில் முதலில் வருவது மாதாவே. கர்த்தரும் தேவனும் கிறிஸ்தவ வீட்டு வாசனை உள்ளவை. இறைவன் மட்டும்தான் மூன்று மதத்தாரும் கூச்சமில்லாமல் புழங்கும் சொல். நாகூர் ஹனிபா இறைவனிடம் கையேந்தச் சொல்லிப் பாடியது எல்லா வீட்டிலும் ஒலித்ததற்கு அவருடைய குரலோடு அந்தச் சொல்லும் காரணம். நம்பிக்கை உள்ளவர்கள் தங்கள் வீட்டுச் சொல்லையே எல்லார் வாயிலும் வைத்துவிடும் வாய்ப்பு அதிகம். தனக்கென்று ஒரு சொல் இல்லாத நாத்திகர் பாத்திரத்தின் வாயைக் கவனித்தே ஆக வேண்டும். அதனாலேயே சில நேரம் அவர் எழுதும் சாமி அதிக உயிரோடு இருக்கிறது.

இன்னொரு சிக்கல் நிபந்தனை. கடவுள் இருந்தால் என்று எழுதிவிட்டு அந்த ஆல் விகுதி சந்தேகத்தைச் சுமக்கும் என்று நம்பக் கூடாது. வேக நடையில் பாடும்போது அது காற்றில் போய்விடும், கேட்பவர் காதில் கடவுள் இருந்த நினைவுதான் நிற்கும். சந்தேகம் முக்கியம் என்றால் அந்த அசையைத் தாளத்தின் தட்டு விழும் இடத்தில், நெடிலாக வைக்க வேண்டும். இல்லை என்ற சொல்லையும் வரியின் கடைசிக் கார்வையில் போடக் கூடாது. இழுக்கும்போது ஐகாரம் கரைந்து எகரமாகி, மறுப்பு மழுங்கிவிடும்.

இப்போது கிழவியின் பல்லவிக்குத் திரும்புவோம். விளியை எடுத்துவிட்டுப் படர்க்கையில்:

கடவுள் உறங்கும் ஊருக்குள்
கடையில் கிழநாய் காவல்தான்

எதுகை, மோனை இரண்டும் அமைந்துவிட்டன. எழுப்பும் பாட்டாக இருந்தது ஊர்க் காவலைப் பற்றிய பேச்சாக மாறிவிட்டது. தீ வைத்தவர்கள் யார் என்ற கேள்வி அடுத்த வரிக்குத் தயாராக நிற்கிறது. ஆனால் கடவுள் உறங்கும் என்பது கிழவி பேச்சு இல்லை. அவள் வாய்க்குச் சாமி வேண்டும். சாமி தேமா ஆயிற்றே, தனனாவில் எப்படி உட்காரும் என்றால், தனனா என்பது 1+1+2, மொத்தம் 4 எண்ணிக்கை. சாமியில் சா 2 எடுத்துக்கொள்ள, மியை 2க்கு நீட்டினால் கணக்கு நேர். முதல் இரண்டு சுரமும் ஒரே எழுத்தில் சறுக்கிப் போகும், அதற்கு மட்டும் இசையமைப்பாளரின் சம்மதம் வேண்டும். கடைக்குப் பதில் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசும் சாவடியை வைத்தால் 2+1+1, அதுவும் 4:

சாமி தூங்கும் ஊருக்குள்ள
சாவடி நாய்தான் காவக்காரன்

பேச்சு வழக்குக்கு மாறியதில் ஊருக்குள், ஊருக்குள்ள ஆகி, கடைசி ளகரத்தையும் 2க்கு நீட்டினால் 6 எண்ணிக்கை 8 ஆகிவிடுகிறது. காவக்காரனும் 8. மூச்சு எடுக்க வைத்திருந்த இடம் இரண்டு வரியிலும் போய்விட்டது. பாடுகிறவர் முதல் வரியின் கடைசி ளகரத்தை விழுங்குவார், அல்லது சாவடியில் தாமதமாக நுழைவார். ஒலிப்பதிவுக்கு முன்பே இரண்டு வரிகளுக்கும் நடுவில் நாலு எண்ணிக்கைக்கு ஒரு பறை அடியோ குழலோ கேட்டு வாங்கிவிட வேண்டும்.